அம்மை இல்லீங்க, கடி

வீட்டம்மாவக் கண்ணாடிய ஏத்திக்கச் சொல்லாதீங்க சார். நான் கிட்ட வரலைங்க. இந்த மைல்கல்லுக்கு இக்கட்டயே நின்னுக்கறேன். அது அம்மை இல்லீங்க. யாரு சொன்னா உங்களுக்கு? டீக்கடக்காரம்மாவா? அந்தம்மா நல்லவங்கதான், ஆனா அவங்க சொல்றது தப்புங்க. கடி. வெறும் பூச்சிக் கடி. அந்தா, பெஞ்சுல ரெண்டு புள்ளைங்க மஞ்ச மஞ்சேன்னு உக்காந்திருக்குதுங்களே, அது ரெண்டும் என்ற புள்ளைங்க. பெரியது மிருதுளா, சின்னவன் கவின். ரெண்டு பேரையும் பொழுது சாயறதுக்குள்ள திருச்செங்கோட்டுல அவங்க அம்மாகிட்டக் கொண்டு போய் விடணும். விடலைன்னா என்ற கதை முடிஞ்சுதுங்க சார்.

நீங்க டயரு மாத்தற வரைக்கும் எங்கயும் போகப் போறதில்ல. அதுக்குள்ள சொல்லிப் போடறேன். கேட்டுப்போட்டு அப்பறம் ஏத்திக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க. ஜாக்கி நான் வேணாப் போடட்டுங்களா? பேரு சென்னியப்பனுங்க, காங்கேயத்துல பட்டறை, எரிஞ்சு போன மோட்டாருக்குக் காயில் சுத்திக் குடுக்கறது. ஸ்பேனரு புடிச்ச கை இது. வேண்டாங்களா? செரி, தொடலை. வீட்டம்மா மாசமா இருக்கறாங்க, நீங்க பயப்படறதும் நியாயந்தான். நான் குத்தம் சொல்லலை.

காலையில பஸ்ஸுக்கு நின்னமுங்க. கண்டக்டர் படியில நின்னு புள்ளைங்களப் பாத்தாரு. பாத்த ஒடனே கன்னத்துல போட்டுக்கிட்டாரு. உள்ள இருந்த பொம்பளைங்க எல்லாம் எந்திரிச்சுக் கும்படறாங்க. கும்பட்டா ஏத்திக்கோணுமில்ல சார்? கும்பட்டுட்டே விசில ஊதிப் போட்டாங்க. அதுக்கப்பறம் ஒரு ஜீப்புக்காரனக் கெஞ்சுனேன். ‘ஆத்தா வந்திருக்கற புள்ளைங்கள மலை எறக்கக் கூடாதுங்க, தண்ணி ஊத்திட்டுத்தான் கூட்டிட்டுப் போகோணும்’ங்கறான். ஆத்தாவும் இல்ல ஒண்ணும் இல்லடா தம்பின்னு நாஞ் சொன்னா, ‘அப்படிச் சொல்லாதீங்க’ன்னு அவன் காதப் பொத்திக்கறான். இந்த ஊரு ஆஸ்பத்திரி நர்ஸம்மா இருந்தா ஒரு வார்த்த சொல்லச் சொல்லலாம். அந்தம்மா அக்கட்ட ஏதோ ஊருக்கு ஊசி போடப் போயிருக்குதாம்.

என்னங்க சார்? இருங்க, நான் முடிச்சுக்கறேன்.

எங்கூட்டுக்காரி பேரு மேகலா. இப்ப எங்கூட்டுல இல்லீங்க. போன வருசம் ஆடி நோம்பிக்குப் பொறந்தவூட்டுக்குப் போனவ, போனவதான். நான் அடிச்சனா? இல்ல. குடிச்சனா? அந்தப் பழக்கமே கெடையாது. என்னதான் குத்தம்னு பெரிய மனுசங்க உக்கார வெச்சுக் கேட்டாங்க. ‘நாஞ் சொல்றது எதுவுமே அவரு காதுல ஏறாது’ன்னா. இது ஒரு காரணமா சார்? நாள் பூரா மோட்டாரு இரையற பட்டறையில இருக்கறவன் காதுல என்னத்த ஏறும்? அதத்தான் பெரியவங்ககிட்ட வெளக்கமா எடுத்துச் சொன்னேன். அவ குறுக்க என்னமோ சொல்ல வந்தா. இரு, நான் முடிச்சுக்கறேன்னேன். முடிக்கறதுக்குள்ள எந்திரிச்சு உள்ள போயிட்டா. பெரியவங்க முன்னால அப்படி எந்திரிச்சுப் போலாமா? அதைய யாரும் கேக்கலை.

அப்பறம் ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை போய்ப் புள்ளைங்களப் பாத்துக்கலாம்னு ஏற்பாடு. போவேன். மாமனார் வாசல்ல பிளாஸ்டிக் சேர் போடுவாங்க. டீ வரும். எதுக்கால புள்ளைங்களக் கொண்டாந்து உக்கார வெப்பாங்க. ‘நல்லாப் படிக்கறியா’ம்பேன். ‘ம்’முங்கும். ‘சாப்பிட்டியா’ம்பேன். ‘ம்’. உள்ள டிவி ஓடும், சின்னவன் கண்ணு அங்கதான் இருக்கும். நான் பெத்த புள்ளைங்க சார். பொண்ணு பாக்கப் போனவனாட்டம் சேர் நுனியில உக்காந்து பாத்துட்டு, டம்ளரக் கீழ வெச்சுட்டு வருவேன். பஸ்ஸுல வரும்போது அழுகை வந்துரும், வெளிய பாத்துக்குவேன். யாருகிட்டச் சொல்றது இதையெல்லாம்?

இந்தக் காலாண்டு லீவுக்குத்தான் மொத மொதலா மேகலா எறங்கி வந்தா. ‘மூணு நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க. எப்படிப் போறாங்களோ அப்படியே திரும்பி வரணும். ஒழுங்காக் கொண்டாந்து விட்டா அரையாண்டு லீவுக்கும் தாட்டி விடறேன், பெரிய லீவுக்கும் விடறேன். இல்லையின்னா இனி ஞாயித்துக்கெழமையோட சரி’ன்னா. இதுதான் சார் விசயம். இப்ப நான் இந்தக் கோலத்துல கொண்டு போய் நிறுத்துனா என்ன ஆகும்னு நீங்களே ரோசனை பண்ணுங்க. கொண்டு போகாம விட்டாலும் என்ன ஆகும்னு ரோசனை பண்ணுங்க.

கெளம்பறப்ப ஒரு செவப்புப் பை குடுத்தா. முழுக்கைச் சட்டை, கால்சட்டை, பூச்சிக்குப் பூசற க்ரீமு, அது போதாதுன்னு அரிப்புக்கு ஒரு மருந்து. அந்தா பெஞ்சுக்கு அடியில இருக்குது பாருங்க, அந்தப் பைதான். கட்டுனது கட்டுனபடி அப்படியே இருக்குது. என்ற புள்ளைங்களுக்கு வேணுங்கறத வாங்கித் தர எனக்குத் தெரியாதா? பையக் குடுக்கறப்ப அவ என்னமோ சொல்லிட்டேதான் இருந்தா, பஸ்ஸு வந்துருச்சு.

டென்ட் போட்டுத் தங்கலாம்ங்கறது மிருதுளா ஆசைங்க. எப்பவோ ஒருக்கா சொல்லுச்சு. அப்ப அதுக்கு ஏழு வயசோ எட்டு வயசோ. இப்ப பன்னண்டு. நான் மறக்கலை பாருங்க. காதுல ஏறாதுங்கறாங்களே, இது ஏறி இத்தன வருசமா உள்ள இருக்குது. புது டென்ட் வாங்குனேன். எங்க பட்டறையில மோட்டாரு சுத்துன பழக்கத்துல வெள்ளையன்னு ஒருத்தரு, அவருக்கு இங்க அன்னாசித் தோட்டம் இருக்குது. தாராளமாப் போட்டுக்கோங்கன்னாரு. ஓடை ஓரமா நல்ல எடம் பாத்துப் போட்டேன். ‘அப்பா, தண்ணி தேங்கிக் கெடக்குது, கொசு வரும்ப்பா’ன்னு புள்ள சொல்லுச்சு. டென்ட்டுனா தண்ணி ஓரமாத்தான் போடணும் அம்மணின்னேன். போன்ல பாத்த வீடியோவுல எல்லாம் அப்படித்தான் போடறாங்க.

கீழ கல்லு உறுத்தும்னு வெள்ளையன் ஆட்டுப் பட்டியில இருந்து ஒரு கட்டு வைக்கப்புல் எடுத்தாந்து மெத்தையாட்டம் பரப்புனேன். அந்த ரோசனை யாருக்குமே வராதுங்க. வைக்கப்புல்லு மேல நாய் ஒண்ணு படுத்துக் கெடந்துச்சு, அதத் தொரத்தி விட்டுட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு. அப்பறம் டென்ட் ஜன்னல்ல வலை வெச்சுத் தெச்சிருந்தான். காத்தே வரலை. அதச் சுருட்டி மேல கட்டி விட்டேன். குளுகுளுன்னு ஆயிருச்சு.

அன்னிக்குப் பொழுதோட எப்படி இருந்துச்சு தெரியுங்களா சார்? கவினத் தோள்ல வெச்சுட்டு ஓடையில எறங்குனேன். தண்ணி சில்லுனு இருக்குது, அவன் என்ற முடியப் புடிச்சுட்டுக் கத்தறான். மிருதுளா கரையில நின்னு சிரிக்குது. ‘கொசு ஏன் அம்மணி பாடிட்டே கடிக்குது? ஊசி போடறப்ப டாக்டரு பேச்சுக் குடுப்பாரில்ல, அது மாதிரி’ன்னு ஒரு கடி ஜோக்கச் சொன்னேன். முன்னெல்லாம் நாஞ் சொல்ற கடிக்கு அது விழுந்து விழுந்து சிரிக்கும். அன்னிக்கும் சிரிச்சுதுங்க. ஒரு வருசத்துக்கு அப்பறம் கேட்டேன் சார் அந்தச் சிரிப்ப. இது போதும்டா சாமின்னு இருந்துச்சு எனக்கு.

இருட்டுக் கட்டறதுக்குள்ள ஆரம்பிச்சுதுங்க. மொதல்ல கொசு. கொசுன்னா நம்ம ஊட்டுக் கொசு இல்ல, கால் நீளமா, துணிக்கு மேலயே கடிக்கறது. கொசுவத்திச் சுருளு ஈரத்துல பத்தவே மாட்டேங்குது. பச்சத் தழையக் குமிச்சு மூட்டம் போட்டேன், பொகையில புள்ளைங்க ரெண்டும் இருமிட்டு வெளிய ஓடுச்சுங்க, கொசு உள்ள வந்துருச்சு. ‘அம்மா பையில க்ரீம் இருக்குதுப்பா’ன்னு புள்ள சொல்லுச்சு. அதெல்லாம் கெமிக்கலு அம்மணி, தோலுக்கு ஆகாதுன்னேன். அப்பறம் பாத்தா கொசு மட்டும் இல்லீங்க. கீழ இருந்து என்னமோ கடிக்குது. கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. டார்ச்ச அடிச்சா டக்குனு குதிச்சுருது. கவினு ‘அப்பா கடிக்குதுப்பா, அப்பா கடிக்குதுப்பா’ன்னு ஒரே அழுகை. தூக்கி மடியில வெச்சுக்கிட்டேன். என்ன பண்ணறதுன்னு தெரியலீங்க. துண்ட எடுத்து விசிறிட்டே இருந்தேன். கை ஓஞ்சு போச்சு.

‘அப்பா, இது தெள்ளுப்பூச்சிப்பா, நாய் படுத்த வைக்கப்புல்லுல இருந்துதான் வருது’ன்னுச்சு புள்ள. அதுக்கு என்ன தெரியும்? தெள்ளு நாயத்தான் கடிக்கும், மனுசன ஏங் கடிக்குது? ஓடைதான் சார் காரணம். எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, எடம் செரியில்லைன்னு.

விடிஞ்சு பாக்கறேனுங்க. கவினுக்கு ஒரு கண்ணு வீங்கி மூடிக்கிச்சு. முதுகு, வயிறு, காலு, எங்க பாத்தாலும் தடிப்பு. மிருதுளாவுக்குக் கழுத்துல, கணுக்கால்ல வளையம் வளையமா. ‘எப்படிப் போறாங்களோ அப்படியே வரணும்’னு அவ சொன்னது மண்டைக்குள்ள அடிக்குது. ஊருக்குப் போறதுக்குள்ள எப்படியாச்சும் அமுக்கிப் போடணும். இதுக்கு என்ன மருந்து? வேப்பிலையும் மஞ்சளும். நம்மளுக்குத் தெரிஞ்ச மருந்து அதுதானே சார்? கடிக்கும் கேக்கும், பூச்சியும் அண்டாது.

இந்த மலையில வேப்பமரம் லேசுல கெடைக்காதுங்க. மாரியம்மன் கோயில்ல ஒண்ணு நிக்குதுன்னாங்க. கோயில் மரத்த ஒடிக்கறமே, குளிச்சுட்டுப் போலாம்னு ஓடையில முங்கி எந்திரிச்சு, ஈர வேட்டியோட போய் ரெண்டு கொத்து ஒடிச்சேன். அப்படியே மஞ்சத்தூளுக்குக் கடைக்குப் போனேன். இந்தக் கடைதானுங்க, இந்த டீக்கடக்காரம்மாதான். இவங்க பலசரக்கும் வெச்சிருக்காங்க. என்ற ஈர வேட்டியப் பாத்தாங்க, கையில வேப்பிலையப் பாத்தாங்க. தணிஞ்ச கொரல்ல, ‘புள்ளைங்களுக்கு அம்மா வந்திருக்காங்களா?’ன்னாங்க.

சார், நான் என்ன நெனைப்பேன்? நீங்களா இருந்தா என்ன நெனைப்பீங்க? அம்மா வரலை, கோவிச்சுட்டுப் பொறந்தவூட்டுல இருக்காங்கன்னு ஊரு பேரு தெரியாதவங்ககிட்டச் சொல்ல முடியுமா? ‘வந்திருக்காங்க வந்திருக்காங்க’ன்னுட்டேன். ‘எப்ப வந்தாங்க?’ ‘நேத்துப் பொழுதோட.’ ‘ரெண்டு புள்ளைக்குமா?’ன்னாங்க. என்னடா இது கேள்வின்னு எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ‘பின்ன, ரெண்டு புள்ளைக்கும் ஒரே அம்மாதானுங்களே’ன்னேன். அந்தம்மா கன்னத்துல போட்டுக்கிட்டு, ‘சாந்தமா இருக்காங்களா?’ன்னாங்க. ‘அவ எங்கீங்க சாந்தமா இருக்கப் போறா, எப்பவும் உக்கிரந்தான்’னு சொன்னேன். நெசத்தத்தானே சொன்னேன்? ‘பாத்து நடந்துக்கோங்க சாமி, மனசு கோணாமக் குளுர வெச்சு அனுப்பி வெய்ங்க’ன்னு ஒரு வார்த்த சொன்னாங்க. எனக்குச் சுருக்குனு குத்துச்சுங்க. முன்னப் பின்னத் தெரியாத அம்மா, எம் மூஞ்சியப் பாத்தே எங்கூட்டு விவகாரத்தக் கண்டுபுடிச்சுட்டாங்களேன்னு நெனச்சுட்டு வந்தேன்.

அந்தம்மா எந்த அம்மாவக் கேட்டாங்கன்னு எனக்கு இன்னிக்குக் காலையில பஸ்ஸு போனதுக்கு அப்பறந்தான் சார் உறைச்சுது.

வேப்பிலையக் கல்லுல அரைச்சு, மஞ்சளக் கொழப்பி, புள்ளைங்களுக்குத் தலையில இருந்து காலு வரைக்கும் பூசுனேன். மீதிக் கொத்த டென்ட்டு வாசல்ல தோரணமாக் கட்டுனேன். சித்த நேரத்துல நாலஞ்சு பொம்பளைங்க செருப்பக் கழட்டி விட்டுட்டு வந்தாங்க. கிட்ட வரலை. மோரு, வாழைப்பழம், கம்பங்கூழு எல்லாம் ஒரு கல்லு மேல வெச்சுட்டு, டென்ட்டப் பாத்துக் கும்பட்டாங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. மலைச் சனங்க எவ்வளவு மரியாதை தெரிஞ்சவங்கன்னு பதிலுக்கு நானும் கும்பட்டேன். நான் வெங்காயத்தத் தாளிக்கலாம்னு வாணலிய வெச்சேன், ‘ஐயோ தாளிக்காதீங்க சாமி’ன்னு ஒரு அம்மா பதறுனாங்க. அவங்க ஊர் வழக்கமாக்கும்னு நிறுத்திட்டேன். ‘அப்பா, அவங்க என்ன நெனச்சுட்டு இருக்காங்கன்னா’ன்னு மிருதுளா ஆரம்பிச்சுது. குடுத்தத வாங்கிச் சாப்புடு அம்மணி, அன்பாக் குடுக்கறாங்க, பேசக் கூடாதுன்னேன்.

அப்பறம் ஓடை வேண்டாம்னு டென்ட்டக் கழட்டி மேட்டுக்குக் கொண்டு போனேன். வைக்கப்புல்ல விட மனசு வரலைங்க, அத்தனையும் கட்டித் தலையில தூக்கிட்டுப் போனேன். மேட்டுலயும் கடி. எப்படின்னு கேக்கறேன்? அங்கதான் தண்ணியே இல்லையே! அங்க இருந்து ஒரு பலா மரத்தடிக்கு மாத்துனேன், வைக்கப்புல்லோட. மரத்துல செக்கச் செவேல்னு எறும்பு, முசுறும்பாங்களே, எல தச்சுக் கூடு கட்டுமே, அது. டென்ட் கயித்த மரத்துல கட்டிட்டேன். கயித்தப் புடிச்சு வரிசையா உள்ள வருது. கவினு கத்துன கத்து இன்னும் காதுல கேக்குதுங்க. அவனத் தூக்கிட்டு ஓடுறேன், எங்க ஓடறதுன்னு தெரியலை. அவன் என்ற தோளுல மூஞ்சிய வெச்சுட்டு, ‘ஊட்டுக்குப் போலாம்ப்பா’ங்கறான். எந்த ஊட்டுக்குடான்னு எனக்குத் தோணுச்சு. கேக்கலை. அவன் சொன்னது எங்கூட்ட இல்லைங்க.

நான் என்ன சார் பாவம் பண்ணுனேன்? ஊருல எத்தன பேரு டென்ட் போடறாங்க, சிரிச்சுட்டு போட்டோ எடுத்துக்கறாங்க. என்ற புள்ளைங்கள மட்டும் ஒரு மலைப் பூச்சியும் பாக்கி இல்லாமக் கடிக்கணுமா? மூணே மூணு நாளு. அதுகூட எனக்கு ஆகாதா?

இருங்க சார், நான் முடிச்சுக்கறேன். காலையில சோப்புப் போட்டுத் தேச்சுத் தேச்சுக் கழுவுனேன், மஞ்ச போக மாட்டேங்குது. வேப்பிலைய எல்லாம் புடுங்கி வீசுனேன். ஆனா விசயம் மலை பூராப் பரவிருச்சு. என்ற போன்ல சார்ஜும் இல்ல. இருந்தா மட்டும் அவகிட்ட என்னன்னு சொல்லறது?

நீங்க படிச்சவங்க, நீங்களே பாருங்க. அம்மைன்னா காச்சல் அடிக்கும், நீர் கோத்துக்கும். இது அப்படியா இருக்குது? கால்சட்டை எலாஸ்டிக்கு இருக்கற எடத்தச் சுத்தி, கணுக்காலச் சுத்தி வரிசையா இருக்குது. அம்மை என்ன எலாஸ்டிக்குப் பாத்தா போடும்? இந்தா, என்ற காலப் பாருங்க. அதே கடி. எனக்குச் சின்ன வயசுலயே அம்மை வந்து போயிருச்சு. அப்ப இது என்ன? கடிதானே? நீங்க முன்னால உக்காந்துக்கோங்க, வீட்டம்மா உங்க பக்கத்துல. நாங்க பின்னால ஓரமா, ஒரு வார்த்த பேச மாட்டோம். நாமக்கல்லுல எறக்கி விட்டாப் போதும். அங்கிருந்து நான் பாத்துக்கறேன். அரிப்பு மருந்து வாங்கிப் பூசி, கண்ணு வீக்கம் வடிஞ்சதும் கொண்டு போய் விட்டுடறேன். ‘ரெண்டு கொசு கடிச்சுருச்சு மேகலா’ன்னு சாதாரணமாச் சொல்லிக்கறேன். என்ன வார்த்த சொல்லணும்னு காலையில இருந்து மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டேதான் இருக்கறேன்.

தலைய ஆட்டறீங்க. ஏத்திக்கறீங்களா சார்? சார், உங்களுக்குக் கோடிப் புண்ணியம். என்னங்க? புள்ளகிட்ட ஒரு வார்த்த கேக்கோணுமா? தாராளமாக் கேளுங்க! அது பொய்யே சொல்லாதுங்க, அவங்க அம்மா வளப்பு அப்படி. அந்தா, கடக்காரம்மா போன வாங்கி யாருகிட்டயோ பேசிட்டு இருக்குது. அம்மணி! இங்க வா அம்மணி. கவினையும் கூட்டிட்டு வா. வந்து சார்கிட்டச் சொல்லு. அப்படியே, அங்கயே நின்னு சொல்லு. இது பூச்சிக் கடிதானே?

என்ன?

இன்னொருக்காச் சொல்லு.

அம்மையா? அம்மைங்கறியா? ஏன் அம்மணி இப்படிச் சொல்ற? சார், இல்லீங்க சார், புள்ள பயத்துல உளறுது. கண்ணாடிய ஏத்தாதீங்க மேடம்! அம்மணி, சார் நம்மள ஏத்திக்கறேன்னுட்டாரு, தெரியுமா? நீ இப்ப... என்ன, காதுல சொல்லணுமா? சொல்லு.

...

சார்.

சார், ஒரு நிமிசங்க. புள்ள என்ற காதுல என்ன சொல்லுச்சு தெரியுங்களா? ‘பூச்சின்னா நீங்க கூட்டிட்டுப் போய்க் கடிக்க விட்டீங்கன்னு ஆயிரும்ப்பா. அம்மைன்னா சாமி. சாமி வந்தா யாரும் யாரையும் திட்ட மாட்டாங்க’ங்குது. காலையில நான் ஜீப்புக்காரன்கிட்ட மல்லுக் கட்டிட்டு இருந்தப்பவே இதுவே கடக்காரம்மா போன வாங்கி அவங்க அம்மாவக் கூப்பிட்டுச் சொல்லிருச்சாம், ரெண்டு பேருக்கும் அம்மை போட்டிருக்குதுன்னு. மேகலா அவ அண்ணன் கார்ல கெளம்பி வந்துட்டு இருக்கறாளாம். இப்பப் பேசுனதும் அவகிட்டத்தானாம். அடிவாரம் வந்துட்டாங்களாம் சார். ‘நீங்க ஒண்ணும் பேசாதீங்கப்பா, நான் பேசிக்கறேன்’ங்குது. பன்னண்டு வயசுப் புள்ள சார். எனக்காகப் பேசறேங்குது.

அதுக்குத் தெரியலீங்க. ரெண்டு வருசம் முன்னால கவினுக்கு நெசமாவே அம்மை போட்டுச்சு. மேகலா பாய விட்டு எந்திரிக்காம கூடவே உக்காந்திருந்தா. வேப்பிலையாலயே தடவிக் குடுத்துட்டு, ஒவ்வொரு முத்தா எண்ணிட்டு இருந்தா. எனக்கு அப்பப் பட்டறையில வேலை. அவ என்னமோ சொல்லிட்டு இருந்தா, எந்தெந்த முத்து எப்படி இருக்குதுன்னு. அவளுக்குத் தெரியாத அம்மையா சார்? கார விட்டு எறங்குன ஒடனே கண்டுபுடிச்சிருவா. கடியையும் கண்டுபுடிச்சிருவா. பொய்யச் சொல்ல வெச்சது நாந்தான்னும் முடிவு பண்ணிருவா. புள்ளையச் சொல்ல மாட்டா.

நான் என்ன பண்ணட்டும் சார்? நீங்க சொல்லுங்க. சொல்லுங்க சார்... ஓ, டயரு மாட்டியாச்சுங்களா.

செரி, நீங்க கெளம்புங்க. உங்க பேர்ல தப்பே இல்ல. மாசமா இருக்கறவங்கள வெச்சுட்டு நிக்காதீங்க, போங்க. ஆனா ஒண்ணே ஒண்ணு சார். ஒரே ஒரு ஒதவி. நான் இம்புட்டு நேரம் சொன்னதெல்லாம் நீங்க கேக்கவே இல்லைன்னு வெச்சுக்கோங்க. கீழ கொண்டை ஊசி வளைவுல எதுக்கால ஒரு வெள்ளைக் காரு வரும். அவ கண்ணாடிய எறக்கி, மேல ரெண்டு புள்ளைங்களப் பாத்தீங்களான்னு கேட்டாலும் கேப்பா. கேட்டா, பாத்தோம்மா, அம்மைதானுங்கன்னு சொல்லிருங்க. நல்லா முத்து முத்தாப் போட்டிருக்குதுன்னு சொல்லுங்க. அப்பா கூடவே இருந்து பாத்துக்கறாருன்னு சொல்லுங்க. சொல்லுவீங்களா சார்? மேடம், நீங்களாச்சும்...

கவினு! டேய் கவினு, சொறியாத சாமி. அம்மையச் சொறியக் கூடாது. ஆத்தா கோவிச்சுக்குவா.